கடைசி கேமராவுக்கு எத்தனை வோல்ட்?



இப்போது கடைத்தெரு, கோயில், பஸ் ஸ்டாண்டு எங்கே பார்த்தாலும் சிசிடிவி கேமரா இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கேமரா வாங்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை கேமரா? எவ்வளவு ரூபாய்? மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கு. கடைசியில் இருக்கிற கேமராவுக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருது? இதற்குப் பதில் தெரியாமல் கேமரா மாட்டக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பள்ளிக்கூடம், கடைகளில் மாட்டும் கேமராக்களில் நிறைய 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆபீஸ் ரூமில் ஒரு பவர் சப்ளை பெட்டி இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் ஒயர் போகும். வாய்க்காலில் தலைமடைக்கு நிறைய தண்ணீர் பாயும், கடைமடைக்குக் கொஞ்சம்தான் வரும் இல்லையா? ஒயரிலும் கடைமடைக்கு வோல்ட் குறைந்துதான் போகும். காரணம் கம்பியின் மின்தடை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓம் என்ற அறிஞர் 1827-லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் எத்தனை வோல்ட் குறையும் என்று வந்துவிடும்.

நாமே கணக்குப் போடலாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தூரம் 100 மீட்டர். கரண்ட் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி, ஆக 200 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 7 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். மீதி 10.6 வோல்ட். எப்படியோ ஓடிவிடும். இரவானால் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அப்போது 0.5 ஆம்பியர் எடுத்தால் 3.5 வோல்ட் போய்விடும். மீதி 8.5 வோல்ட்தான். படம் கோடு கோடாக வரும், இல்லாவிட்டால் கேமரா அணைந்து அணைந்து எரியும். பகலில் எல்லோருக்கும் முன்னால் நன்றாக வேலை செய்யும், ராத்திரி தூங்கிவிடும்!

தூரத்தில் இருக்கிற கேமரா எதற்காக மாட்டியது? பின்பக்க காம்பவுண்டு, சைக்கிள் ஸ்டாண்டு, கழிப்பறைக்குப் போகும் வழி. ஆள் நடமாட்டம் இல்லாத இடங்கள். எங்கே காவல் ரொம்பத் தேவையோ அங்கேதான் வோல்ட் ரொம்பக் குறைவு. கேமராவே இல்லையென்றால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம். "கேமராதான் இருக்கே" என்று நம்பி ஏமாறுவது அதைவிட மோசம்.

"பவர் சப்ளையில் வோல்ட்டைக் கூட்டி வச்சிட்டா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. 15 வோல்ட் வைத்தால் பக்கத்தில் உள்ள கேமராவுக்கு முழு 15-ம் போகும். பகலில் மின்னோட்டம் குறைவதால் தூரத்துக் கேமராவுக்கும் 13.6 வரும். கேமரா கெட்டுப்போகலாம்.

சரியான வழிகள் இருக்கின்றன. ஒன்று, தடித்த கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் இரவிலும் ஏறக்குறைய 10.8 வோல்ட் கிடைக்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை விலை குறைவு என்று வாங்கக்கூடாது, அதன் மின்தடை அதிகம். இரண்டு, 230 வோல்ட் லைனைக் கேமரா பக்கத்திலேயே கொண்டுபோய், மழை படாத பெட்டிக்குள் அடாப்டர் வைப்பது. இதை எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். மூன்று, நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் போகும் கேமரா. அதில் 48 வோல்ட் அளவில் அனுப்புகிறார்கள், 100 மீட்டர் வரை போகலாம். வோல்ட் நான்கு மடங்கானால் அதே வேலைக்கு மின்னோட்டம் கால் பங்கு போதும். அதனால் இழப்பும் குறைவு. மின்சார வாரியம் வயல் நடுவே பெரிய டவர் நட்டு 2,30,000 வோல்ட், 4,00,000 வோல்ட்டில் அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

"செலவு ஆகுமே" என்பார்கள். ஆகும்தான். ஆனால் யானை வாங்கியவர் அங்குசம் வாங்க யோசிக்கலாமா? பத்து கேமரா மாட்டி நாலு தூங்குவதைவிட, ஆறு கேமரா மாட்டி ஆறும் விழித்திருப்பது மேல்.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொன்னபோது, அது இரவிலும் பார்க்கக்கூடியதாக இருக்கணும், கரண்ட் இல்லாத இடத்தில் சூரிய சக்தியிலாவது கரண்ட் தரணும் என்றும் சேர்த்தே சொன்னது. கேமரா மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

ஆகவே, எங்கே கேமரா மாட்டினாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இருட்டின பிறகு, கடைசி கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றுதான் காட்டும், ஏனென்றால் மின்னோட்டமே ஓடாதபோது இழப்பும் இருக்காது. அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.

நம்மைக் கேமரா பார்ப்பது இருக்கட்டும். முதலில் நாம் கேமராவைப் பார்ப்போம்!



– 9ஆம் வகுப்பு மாணவி