புதுக் காரில் "கிரீச்" சத்தம்!
பிரேக்கை நம்பி மலை இறங்கலாமா?

கொடைக்கானல் மலையில் இருந்து ஒரு கார் இறங்குகிறது.

புத்தம் புதிய கார். உயரமான, கனமான கார். "எஸ்.யு.வி." என்று சொல்கிறார்களே, அந்த ரகம். உள்ளே அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள்.

பெருமாள்மலையைத் தாண்டியாகிவிட்டது. ஊத்து வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கும்போது "கிரீச்" என்று சத்தம். டம்டம் பாறையை நெருங்கும்போது கருகல் வாடை. பிரேக் மிதியும் வழக்கத்தைவிடக் கீழே போகிறது.

"புது வண்டிதானே, ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று பாட்டி கேட்கிறார். வண்டி ஓட்டுகிறவரிடம் பதில் இல்லை.

மறுநாள் சர்வீஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பதில் தயாராக இருக்கிறது:

"இந்த மாடலில் இப்படித்தான் சத்தம் வரும். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்."

புதிய ரகக் கார் வாங்கிய பலர் கேட்டுச் சலித்த பதில் இது.

இந்தப் பதிலை நம்பலாமா? சத்தம் வந்தால் ஆபத்தா? சத்தம் வராவிட்டால் ஆபத்து இல்லையா? சட்டம் யார் பக்கம் இருக்கிறது?

பெரிய கார், பெரிய சுமை

நாட்டில் இப்போது பெரிய ரகக் கார்களுக்குத்தான் மவுசு. 2023-24-ம் ஆண்டில் இந்தியாவில் கார் கம்பெனிகள் சுமார் 42 லட்சம் பயணிகள் வாகனங்களை விற்றன. அவற்றில் 25 லட்சத்துக்கு மேல் இந்தப் பெரிய ரகம்தான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தக் கார்களுக்கு இரண்டு விதமான சோதனை. சமவெளியில் நான்கு வழிச்சாலை. அங்கே வேகம். கொடைக்கானல், சிறுமலைப் பாதைகளில் வளைவுக்கு மேல் வளைவு. அங்கே இறக்கம்.

பிரேக் என்ன வேலை செய்கிறது? ஓடும் காரின் வேகத்தை உரசி உரசி வெப்பமாக மாற்றுகிறது. அவ்வளவுதான். அந்த வெப்பம் எவ்வளவு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு வந்து சேர்வதற்குள், ஒரு கார் ஏறக்குறைய 1,700 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. ஆட்களையும் சேர்த்துக் காரின் எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி, 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்!

கல்யாண வீட்டில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் கொதிப்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வெப்பத்தையும் நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக்குகளிடமே ஒப்படைத்தால் என்ன ஆகும்?

கியரைக் குறைத்து இறங்கினால் என்ஜின் அதில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினால், முழுச் சுமையும் பிரேக் தலையில் விழுகிறது. என்ஜினையே நிறுத்திவிட்டால் இன்னும் மோசம். மிதியை லேசாக்கித் தரும் துணைச் சக்தியும் போய்விடும். மிதி கல்லாக இறுகிவிடும்.

சத்தம் பல விதம்

எல்லாச் சத்தமும் ஆபத்து அல்ல.

மழை பெய்த மறுநாள் காலையில் காரை எடுத்தால், முதல் சில மிதிகளுக்குக் கரகரவென்று சத்தம் வரும். இரும்புத் தட்டில் படிந்த மெல்லிய துருதான் காரணம். கொஞ்ச தூரம் ஓடினால் அது தேய்ந்து போய்விடும். மின்சாரக் கார்களில் இந்தச் சத்தம் அதிகம் வரலாம். அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால், பிரேக் தட்டுக்கு வேலை குறைவு. வேலை இல்லாத இரும்பு துருப்பிடிக்கும்.

திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தால், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியின் வேலை. பயந்துபோய்க் காலை எடுப்பதுதான் தவறு. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாத சத்தங்களும் உண்டு.

மிதிக்கும்போதெல்லாம் மெல்லிய கீச்சுக் குரல் கேட்டால், பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம். பல கார்களில், பேடு தேய்ந்ததும் தட்டில் உரசிக் கத்துவதற்காகவே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். அது கார் போடும் கூப்பாடு. இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால், பேடு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். மிதிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்துக்குச் சத்தமே கிடையாது!

பிரேக் குழாய்களில் ஓடும் எண்ணெய், காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் தன்மை கொண்டது. பல கார்களில் "டாட்-4" என்ற ரக எண்ணெய் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது அது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் வெப்பம் ஏறி எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்தால் பொதபொதவென்று கால் கீழே போகும். கார் நிற்காது.

அதனால்தான் மிதி தாழ்வதும், கருகல் வாடை வருவதும் "கிரீச்" சத்தத்தைவிட அவசரமான அறிகுறிகள். உடனே ஓரமாக நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும். பிரேக் எண்ணெயைச் சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி பல கம்பெனிகள் சொல்கின்றன.

ஒரு சிறிய பின் சொன்ன பாடம்

"சத்தம்தானே, போகட்டும்" என்று விட்டுவிடலாமா? 2022-ல் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், மாருதி சுசுகி கம்பெனி 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. வேகன்-ஆர், செலேரியோ, இக்னிஸ் ஆகிய மூன்று ரகங்கள். எல்லாம் அந்த ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி முதல் செப்டம்பர் 1-ந்தேதி வரை தயாரானவை.

என்ன குறை? பின்சக்கரப் பிரேக்கில் உள்ள ஒரு சிறிய பின். அது உடையக்கூடும். உடைந்தால் வினோதமான சத்தம் வரும். நாளாக நாளாகப் பிரேக்கின் திறனே பாதிக்கப்படலாம். இதைச் சொன்னது கம்பெனியேதான்.

முதலில் சத்தம், பிறகு ஆபத்து. வரிசை இதுதான்!

2023 ஆகஸ்டில் மகிந்திரா கம்பெனி, எக்ஸ்.யு.வி.-400 என்ற மின்சாரக் காரில் 3,560 வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. பிரேக்கில் உள்ள ஒரு சிறு கருவியின் சுருள்வில் சரியாகத் திரும்பவில்லை என்பது குறை. 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, 15 லட்சம் கார்களில் பிரேக் அமைப்பு பிரச்சினை இருப்பதாக அறிவித்தது. அந்த பிரேக் அமைப்பை வேறொரு கம்பெனியிடம் இருந்து வாங்கிப் பொருத்தி இருந்தது.

விலை உயர்ந்த கார் என்றால் குறையே இராது என்பது வெறும் நம்பிக்கை. குறை வருவது அதிசயம் அல்ல. வந்த குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சட்டம் வந்தது, தாமதமாக!

குறையுள்ள கார்களை அரசாங்கமே திரும்ப அழைக்க வைக்கும் சட்டம் அமெரிக்காவில் 1966-ல் பிறந்தது. இந்தியாவில் 2012-ல், கார் கம்பெனிகள் தாமாக முன்வந்து ஒரு நடைமுறையை ஏற்படுத்திக்கொண்டன. கட்டாயச் சட்டம் 2019-ல்தான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தன.

காரில் உள்ள குறை, உள்ளே இருப்பவருக்கோ சாலையில் போகிற மற்றவருக்கோ தீங்கு செய்யும் என்றால், அந்த ரகம் முழுவதையும் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். கம்பெனி பழுதுபார்க்க வேண்டும். அல்லது வேறு கார் தர வேண்டும். அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இந்த விதி பொருந்தும்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது.

அரசு விசாரணை தொடங்குவதற்கு ஒரு வழி, கார் சொந்தக்காரர்கள் தரும் புகார்கள். ஆண்டுக்கு எத்தனை கார் விற்கிறது என்பதைப் பொறுத்து, இத்தனை புகார் வர வேண்டும் என்று விதியில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதிகம் விற்கும் ரகத்துக்கு ஆயிரத்துக்கு மேல் புகார்கள் தேவை.

"சத்தம் சகஜம்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கில் ஒன்றைக் குறைக்கிறார்கள். ஆயிரம் வீடுகளில் ஒரே சத்தம் கேட்டாலும், பதிவேட்டில் ஒன்றும் இராது.

கம்பெனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பேடில் உலோகத் துகள் அதிகம் இருந்தால் சத்தம் வரலாம். பிரேக் நன்றாகவே பிடிக்கலாம். பேடு தேயும் பொருள். ஓட்டுகிறவரின் பழக்கத்தால் சீக்கிரம் தேயலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே சொல்ல வேண்டும்? சக்கரத்தைக் கழற்றாமலேயே "சகஜம்" என்று சொன்னால் அதை எப்படி ஏற்பது?

என்ன செய்யலாம்?

முதல் வேலை, குறையை எழுத்தில் ஏற்றுவது. சர்வீஸ் நிலையத்தில் தரும் "ஜாப் கார்டு" என்ற சீட்டில், எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எப்படிப்பட்ட சத்தம் வந்தது என்று எழுதச் சொல்ல வேண்டும். நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்லும் பதிலையும் அதில் எழுதித் தரச் சொல்லலாம். சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து வைப்பது நல்லது. சர்வீஸ் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.

கார் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். பழைய கார் வாங்கியவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். கம்பெனியின் கடிதம் முதல் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம் அல்லவா?

அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், மத்திய அரசின் "வாகன்" இணையதளத்தில் புகார் பதியலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம்.

கடைசியாக, நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கார் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், திண்டுக்கல்லில் குடியிருப்பவர் திண்டுக்கல்லிலேயே வழக்குத் தொடரலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. 10 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். காரில் குறை உண்டா என்று சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. வழக்குக்குக் காரணம் ஏற்பட்டு 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இழுத்துப் பார்க்கும் ஊர்

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூட்டைப் பூட்டியதும் யாரும் சும்மா போய்விடுவதில்லை. ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் இழுத்துப் பார்க்கிறார்கள். வீட்டில் உள்ள நகைக்கும் பணத்துக்கும் அந்தக் கவனம்.

மலை இறங்கும் காருக்குள் இருப்பது நகையும் பணமும் அல்ல. பாட்டியும் பேரக் குழந்தைகளும் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்க்கட்டும். சத்தம் வந்தால் கேட்கட்டும். "சகஜம்" என்று பதில் வந்தால், "எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லட்டும்!