அது ட்ரெக்கிங் ரூட் அல்ல, ஊர்ப் பாதை

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் டால்ஃபின் நோஸ் பாறையைத் தாண்டிக் கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதை சுற்றுலா விளம்பரங்களில் 'ட்ரெக்கிங் ரூட்' ஆகிவிட்டது. அந்த வழியில் உள்ள மலைக்கிராமமான வெள்ளகவியின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அரிசி மூட்டை கொண்டுவந்ததும், காப்பிக் கொட்டையும் பழங்களும் குதிரை முதுகில் ஏற்றி அனுப்பியதும், பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கிச் சென்றதும் அதே பாதையில்தான். செங்குத்துச் சரிவு, வேர் பின்னிய படிகள், மழையில் வழுக்கும் பாறை எல்லாம் ட்ரெக்கிங் வருபவருக்குக் கொடுத்த காசுக்குக் கிடைத்த அனுபவம். நோயாளியைச் சுமப்பவருக்கோ அவை என்றோ சரிசெய்திருக்க வேண்டிய குறைகள். 'ட்ரெக்கிங்' என்ற பெயர் நிலைத்துவிட்டால், அந்தக் குறைகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. இந்தச் சொல்லின் மீது எனக்குள்ள வருத்தம் இதுதான்.

இந்தச் சொல்லின் பிறப்பில் பொழுதுபோக்கே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினர் மாட்டுவண்டிகளில் குடிபெயர்ந்த நெடும்பயணத்தைக் குறித்த சொல் அது. 1960களில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்பவர் நேபாளத்தில் நடைப்பயணங்களை ஒரு தொழிலாக்கிய பிறகே அதற்கு விடுமுறைச் சாயம் ஏறியது. கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரின் பாதைகளுக்கும் இதே கதைதான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டிய காலத்தில் மேலே வர ரோடு இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் மலைப்பாதைகளில் துரைமார்களையும் அவர்களின் சாமான்களையும் கூலியாட்கள் தோளில் சுமந்து வந்தார்கள். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பாதையும் அந்தக் காலத்தின் மிச்சம். வத்தலகுண்டிலிருந்து மோட்டார் ரோடு வந்ததும் கொடைக்கானல் நகரம் பழைய பாதைகளை மறந்தது. வெள்ளகவியால் அப்படி மறக்க முடியவில்லை.

வெறும் பெயருக்கு இத்தனை கவலையா என்று கேட்கலாம். அரசாங்கத்தில் பெயரைப் பொறுத்தே விதி அமைகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி, ட்ரெக்கிங் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழக அரசு அதே ஆண்டில் ட்ரெக்கிங் விதிகளை வகுத்தது. முன் அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்ற கட்டுப்பாடுகள் வெளியிலிருந்து வருபவர்களுக்கு அவசியமானவை. அவற்றைத் தளர்த்தக் கூடாது. ஆனால் ஒரு பாதை ட்ரெக்கிங் கணக்கில் சேர்ந்துவிட்டால் அதைப் பற்றிய பேச்சு வனத்துறை அனுமதியோடும் சுற்றுலா வருமானத்தோடும் முடிந்துவிடும். ஊர்ப் பாதை என்று சொன்னால்தான் ஊராட்சி, பராமரிப்பு நிதி, ஆம்புலன்ஸ், பள்ளி ஆசிரியர் என்ற பேச்சு தொடங்கும்.

ட்ரெக்கிங்கால் ஊருக்கு நாலு காசு வருகிறதே என்பது நியாயமான வாதம். வழிகாட்டிக் கூலியும் சாப்பாட்டுச் செலவும் உள்ளூர்க் குடும்பங்களுக்கே போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கோயில்கள் நிறைந்த அந்த ஊருக்குள் செருப்பு போடக் கூடாது என்ற வழக்கத்தை வருபவர்கள் மதிப்பதும் நல்லது. ஆனால் விருந்தாளிக்குக் கரடுமுரடு பிடிக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் அதிலேயே காலம் தள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பாதையைச் செப்பனிட்டால் காடு அழியும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. 2013-இல் இந்த மலையின் ஒரு பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ரோடு நுழைந்த இடமெல்லாம் விடுதிகள் முளைப்பதைக் கொடைக்கானல் கண்ணால் பார்த்திருக்கிறது. அதற்கு மருந்து ஊர்க்காரரை நடக்கவிடுவதல்ல, கட்டடங்களைத் தடுப்பது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு, காட்டில் வாழும் மக்களுக்கு ரோடு, பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகளுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்ற வரம்பையும் அதுவே வைக்கிறது. காட்டையும் ஊரையும் சேர்த்தே நினைத்து எழுதிய சட்டம் அது.

ஆகவே மாவட்ட நிர்வாகம் இந்தப் பாதையை முதலில் ஊராட்சிப் பாதையாக நடத்த வேண்டும். வழுக்கும் இடங்களில் கல் பதித்து, ஓடை கடக்கும் இடங்களில் சிறு பாலம் போட்டு, ஆண்டுதோறும் மழைக்கு முன் செப்பனிட வேண்டும். வருபவர்கள் நடப்பதற்கான அனுமதியும் கட்டணமும் அதற்குப் பிறகுதான்.