‘மொழிபெயர்ப்பு – செலவு இல்லை’

நோயாளிக்கு வேண்டியது மருந்தேயன்றி நூலன்று என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். புற்றுநோயாளருக்கென அச்சிடப்படும் கையேடுகள் பற்றிப் பேச்செழுந்தால், ‘கடதாசிக்கு ஏன் வீண் செலவு?’ என்ற கேள்வியே முதலில் வருகிறது. அதற்கு விடை கூற எனக்கு ஓரளவு உரிமை உண்டு. அவ்வுரிமையை நான் பெற்ற விதம் பெருமைக்குரியதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நலன்புரிச் சங்கத்தார் என்னிடம் வந்து, கீமோதெரபி சிகிச்சை பெறுவோருக்கான 16 பக்க ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி கேட்டனர். அவர்கள் காட்டிய செலவு மதிப்பீட்டிலே கடதாசி, அச்சுத்தகடு, அச்சுக்கூலி, கட்டுக்கூலி எனத் தனித்தனியே தொகைகள் குறிக்கப்பட்டிருந்தன. இறுதி வரியில், ‘மொழிபெயர்ப்பு – செலவு இல்லை’ என்றிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் இலவசமாகச் செய்து தருவான் என்பது அதன் பொருள். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. இரண்டு இரவுகளில் வேலையை முடித்தேன். நல்ல தூய தமிழ் என்று நண்பர்கள் மெச்சினர்.

அடுத்த ஆண்டு என் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அக்கையேட்டை நானே அவர் கையிற் கொடுத்தேன். இரண்டாம் முறை மருந்து ஏற்றிய 10ஆம் நாள் இரவு அவருக்குக் காய்ச்சல் வந்தது. எங்களை எழுப்பிச் சிரமப்படுத்த விரும்பாமல் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்தபோது நினைவு தடுமாறிய நிலையில் அவரைக் கண்டோம். வைத்தியர்களினதும் தாதிமாரினதும் உழைப்பால் உயிர் தப்பினார். வீடு திரும்பிய பின், கையேட்டில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லையா என்று கேட்டேன்.

“நீ எழுதினதெண்டு இரண்டு தரம் வாசிச்சனான் தம்பி. அதிலை காய்ச்சலெண்டு ஒரு இடத்திலையும் இல்லையே” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். ‘உடல் வெப்பநிலை உயர்வு அவதானிக்கப்படின் தாமதமின்றி மருத்துவ ஆலோசனை பெறப்படல் வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

இச்சிகிச்சை பெறுவோருக்குக் காய்ச்சல் அற்ப விஷயமன்று. மருந்து புற்றுக் கலங்களை அழிப்பதோடு, நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களையும் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் அவை மிகவும் குறைந்திருக்கும். அப்பொழுது கிருமி தொற்றினால், அதை அறிவிக்கும் ஒரே அடையாளம் காய்ச்சலாகவே இருக்கக்கூடும். வெப்பமானி 38 பாகை செல்சியசை, அதாவது பரனைற் அளவில் 100.4ஐக் காட்டினால், நள்ளிரவாயினும் வைத்தியசாலையை நாட வேண்டும். பனடோல் காய்ச்சலைத் தணித்து ஆபத்தை மறைத்துவிடும்.

இதனை எளிய நான்கு வாக்கியங்களிற் சொல்லலாம். ஆனால் அந்த நான்கு வாக்கியங்களே விலை மிகுந்தவை. வைத்தியர் ஒருவர் அவற்றைச் சரிபார்க்க வேண்டும். நோயாளர் சிலருக்கு வாசித்துக் காட்டி, என்ன விளங்கிற்று என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். தவறு கண்டால் திருத்தி மீண்டும் காட்ட வேண்டும். சிகிச்சை முறை மாறும்போது மறுபதிப்பும் வேண்டும். கடதாசியும் மையும் இச்செலவின் புறத்தோல் மாத்திரமே.

அப்புறத்தோலும் மலிவானதன்று. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்ப் பிரதிக்கு மற்றோர் இடரும் உண்டு. பக்க அமைப்புக்கும் அச்சுத்தகட்டுக்கும் ஆகும் செலவு 500 பிரதிகளுக்கும் 5,000 பிரதிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, குறைவாக அச்சிடப்படும் மொழியில் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறுகிறது. கணக்கை மட்டும் நோக்குவோருக்குத் தமிழ்க் கையேடு எப்பொழுதும் கட்டுப்படியாகாத ஒன்றாகவே தோன்றும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் நோயாளர் கையேடுகளை இலவசமாக வெளியிடுகின்றதே, அவற்றைத் தமிழாக்கினாற் போதாதா என்பர் சிலர். மூலம் இலவசம் என்பதனால் தமிழாக்கமும் இலவசமாகிவிடாது. நம் அடுக்களையின் கஞ்சியும் சொதியும் அவற்றில் இரா. இரவில் வாகனம் கிடைக்காத கிராமத்தாருக்கான வழியும் இராது. அவற்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இவ்வுழைப்பின் அருமையை நம் நாடு முன்பு அறிந்திருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தமிழாக்கினர். விளங்குவதற்கு வேண்டியவிடத்துப் பிறமொழிச் சொல்லை ஏற்க அவர்கள் கூசவில்லை. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே அதற்குச் சான்று.

நம் மக்கள் கொடைக்குப் பின்னிற்பவரல்லர். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கட்டடத்துக்குக் கொடுக்கும் மனம், கண்ணுக்குத் தெரியாத எழுத்துவேலைக்குக் கொடுக்கத் தயங்குகிறது. ஆனால் இது கொடையை நம்பி நிற்க வேண்டிய காரியமுமன்று. அரசாங்கம் 1980 முதல் பாடசாலை மாணவருக்குப் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. சிகிச்சையும் இலவசம். அச்சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கையேட்டின் செலவும் கணக்கிடப்படல் வேண்டும் என்பது என் கருத்து.

சேவைக்கு விலை பேசலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். ஆனால் இலவசமாகக் கிடைத்ததை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. என் தமிழாக்கத்துக்குக் கூலி கொடுத்திருந்தால், யாராவது அதை வாசித்து, ‘இது விளங்கவில்லை’ என்று திருப்பித் தந்திருப்பர்.

இப்பொழுது இரண்டாம் பதிப்பு ஆயத்தமாகின்றது. முதல் வாசகர் என் தமக்கையாரே. ‘காய்ச்சல் வந்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்’ என்ற வாக்கியம் அவர் சொன்னது. மதிப்பீட்டின் இறுதி வரியில், வாசித்துச் சோதிக்கும் வேலைக்கும் சேர்த்து, இம்முறை ஒரு தொகை குறிக்கப்பட்டுள்ளது. அதைக் குறைக்கலாமா என்று சங்கத்தார் கேட்டனர். நான் சம்மதிக்கவில்லை.