பங்காளிகளின் சுற்றுலா

ராமோஜி ஃபிலிம் சிட்டியின் கேட்டைத் தாண்டினால் தங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன. சிதாரா சொகுசு ரகம். தாரா அதற்கு ஒரு படி கீழே, வாடகையும் அப்படியே. ஹைதராபாத்-விஜயவாடா நெடுஞ்சாலையில் 1,600 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் 1996ல் உருவான இந்த வளாகத்தை, உலகின் மிகப் பெரிய சினிமா ஸ்டுடியோ என்று கின்னஸ் அங்கீகரித்தது. பிழைப்புக்காகத் திசைக்கு ஒருவராகப் பிரிந்துபோன குடும்பங்கள் விடுமுறையில் ஒன்றுகூட வாகான இடம். சென்னை, பெங்களூர், மும்பை மூன்றிலிருந்தும் ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். மனஸ்தாபத்துக்கும் இது வாகான இடம். அண்ணன் குடும்பம் சிதாராவிலும் தம்பி குடும்பம் தாராவிலும் தங்கி, காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி செட்டுகளைச் சுற்றிப் பார்த்தால், ஊர் திரும்பிய பிறகும் பேச்சு ஹோட்டலைப் பற்றித்தான் இருக்கும்.

கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பிரச்னை இல்லை. திருப்பதிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போனால் குடும்பத் தலைவரின் மஞ்சள் பையிலிருந்து பணம் வரும். அவர் சத்திரம் என்றால் சத்திரம். யாரும் கணக்குக் கேட்டதில்லை. கேட்கும் தைரியமும் இருந்ததில்லை. இன்று மூன்று ஊர், மூன்று சம்பளம், மூன்று வீட்டுக் கடன். ஆனால் எதிர்பார்ப்பு மட்டும் மஞ்சள் பை காலத்திலேயே நிற்கிறது. ‘பெரியவன் பார்த்துக்கொள்வான்’ என்று சின்னவன் நினைக்கிறான். ‘இந்த முறையாவது அவனே கேட்டுத் தருவான்’ என்று பெரியவன் நினைக்கிறான். இருவரும் வாய் திறப்பதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வைத்த சமூகத்தில், கூடப் பிறந்தவர்களிடம் ஹோட்டல் பில்லைப் பற்றிப் பேசுவது மட்டும் ஏனோ கௌரவக் குறைச்சலாகிவிட்டது.

சிக்கலின் வேர் ‘எவ்வளவு’ என்பதைவிட ‘எதை வைத்து எண்ணுவது’ என்பதில் இருக்கிறது. ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். ரயில்வே அதை வயதால் அளக்கிறது. 5 வயதுக்குள் என்றால் டிக்கெட் இல்லை. 5 முதல் 11 வரை தனிப் படுக்கை கேட்டால், 2016 ஏப்ரலில் வந்த விதிப்படி பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். தீம் பார்க்குகளில் அளவுகோல் வேறு. பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா போன்ற இடங்களில் குழந்தை டிக்கெட்டை உயரம் தீர்மானிக்கிறது. வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையின் அப்பா, டிக்கெட் கவுன்டரில் பெருமையும் வருத்தமுமாக நிற்பார். ஹோட்டலோ கட்டிலைப் பார்க்கிறது: கூடுதல் மெத்தை போட்டால் ஒரு கட்டணம், பெற்றோருடன் படுத்துக்கொண்டால் வேறு கட்டணம். ஆக, ஒரே குழந்தை ஒரே நாளில் மூன்று விதமாக எண்ணப்படுகிறது. குடும்பக் கணக்கில் அது முழு ஆளா, அரை ஆளா, ஆளே இல்லையா என்பதைத்தான் யாரும் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். அண்ணன், அண்ணி, 13 வயதுப் பெண், 8 வயதுப் பையன். தங்கை, அவள் கணவர், 4 வயதுக் குழந்தை. தம்பி, புதிதாக வந்த மனைவி. கணவரை இழந்த அம்மா. மொத்தம் பத்து பேர், இரண்டு இரவு. சாதாரண அறைக்கு நாள் வாடகை ரூ. 5,000, பெரிய குடும்ப அறைக்கு ரூ. 9,000 என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் யோசிப்பது மூன்று அறைகள். தங்கைக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, பெரிய அறையில் அண்ணன் குடும்பத்தோடு அம்மா. ஒரு அறை மிச்சம் என்று தோன்றும். ஜி.எஸ்.டி. இங்கேதான் குறுக்கிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ. 7,500 வரை உள்ள அறைக்கு வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரி விகிதத்தை ஒவ்வொரு அறையின் வாடகையும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. மொத்த பில் அல்ல. எனவே ரூ. 9,000 அறை வரியோடு ரூ. 10,620. இரண்டு சாதாரண அறைகள் ரூ. 10,500. ஓர் இரவுக்கு ரூ. 21,120. இதற்குப் பதில் நான்கு சாதாரண அறைகள் எடுத்தால் ஓர் இரவுக்கு ரூ. 21,000. நான்கு அறைகள் மூன்றைவிட மலிவு!

மிச்சமாகும் தொகை சொற்பம். ஆனால் முதல் ஏற்பாட்டில் அம்மாவுக்குக் கிடைப்பது, பேரன் பேத்திகளுக்கு நடுவே தரையில் ஒரு கூடுதல் மெத்தை. இரண்டாவதில் பேத்தியோடு ஒரு தனி அறை, முட்டி வலிக்குத் தோதாக ஒரு கட்டில், பக்கத்திலேயே பாத்ரூம். அறைகளைப் பிரிப்பது வெறும் காசுக் கணக்கு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சரி, நான்கு அறைகளுக்கு இரண்டு இரவுக்கு ரூ. 42,000. யார் எவ்வளவு தருவது? குடும்பத்துக்கு ஒரு பங்கு என்றால் ஆளுக்கு ரூ. 14,000. கேட்க நியாயமாக இருக்கும். தம்பி மட்டும் மனசுக்குள், ‘நாங்கள் இரண்டே பேர், அவர்கள் நான்கு பேர்’ என்று எண்ணிக்கொள்வான். தலைக்கு இவ்வளவு என்று போட்டு, அம்மாவின் பங்கை மூவரும் சமமாக ஏற்றால், அண்ணன் ரூ. 18,200, தங்கை ரூ. 14,000, தம்பி ரூ. 9,800. இப்போது அண்ணி கேட்பாள்: “எட்டு வயசுப் பையன் எங்க கட்டில்ல ஓரமாப் படுத்துக்கறான். அவனுக்கு முழுப் பங்கா?” அதுவும் நியாயம்தான். பயன்படுத்திய அறைக்கு ஏற்ப என்று மூன்றாவதாக ஒரு கணக்குப் போடலாம். அவரவர் அறை அவரவருக்கு. நான்காவது அறையில் பாதி பேத்திக்காக அண்ணனுக்கு. மறு பாதி அம்மாவுக்காக மூவருக்கும். அப்போது அண்ணன் ரூ. 17,500, தங்கையும் தம்பியும் தலா ரூ. 12,250.

மூன்று கணக்குமே சரி. மூன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும். தம்பியின் பங்கு ரூ. 9,800லிருந்து ரூ. 14,000 வரை ஊசலாடுகிறது. வித்தியாசம் ரூ. 4,200. புதிதாகக் குடித்தனம் ஆரம்பித்தவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. எந்தக் கணக்கு என்பதை ரூம் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது ஒப்பந்தம். பில் வந்த பிறகு சொன்னால் அது வம்பு. எழுதாக் கடனுக்கு அழுதால் தீராது.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அளப்பதுதான் பெரும்பாலும் தவறாகிறது. அறையை அறைவாரியாகவும், பார்க் டிக்கெட்டை அவரவர் தலைக்கும், வேனை உட்கார்ந்து போகிறவர்களின் எண்ணிக்கைப்படியும் பிரிப்பது வழக்கில் தகராறு குறைந்த முறை. சாப்பாட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஒரு பொது உண்டியல் போதும். கிளம்பும்போதே எல்லோரும் போட்டுவிட வேண்டும், தீர்ந்தால் மறுபடி போட வேண்டும். ஐஸ்கிரீம், பொம்மை, ராட்டினத்தில் அலறும்போது எடுத்த போட்டோ இவையெல்லாம் அவரவர் பாக்கெட். இல்லாவிட்டால், குழந்தை இல்லாத தம்பி மற்ற குழந்தைகளின் பஞ்சு மிட்டாய்க்கும் பங்கு கொடுத்துக்கொண்டிருப்பான்.

அறைகள் ஒன்றுபோல இல்லையென்றால்? ஒன்றின் ஜன்னலைத் திறந்தால் தோட்டம், இன்னொன்றில் ஜெனரேட்டர். ஹோட்டல் இரண்டுக்கும் ஒரே வாடகைதான் வாங்கும். கணிதப் பேராசிரியர்களும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்களில் யாரும் அடுத்தவர் அறையைப் பார்த்துப் பொறாமைப்படாத விதத்தில் வாடகையைப் பிரிக்க முடியும் என்று, சில நிபந்தனைகளோடு, ஃபிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1999ல் ஒரு கட்டுரையில் நிரூபித்தார். வீட்டுக்குத் தேவையான அளவில் அதன் சாரம் இவ்வளவுதான்: தோட்டத்து அறையின் பங்கில் ஐந்நூறு ஏற்றி, ஜெனரேட்டர் அறையில் ஐந்நூறு குறைத்துப் பார்ப்பது. ‘அந்த விலைக்கு எனக்கு ஜெனரேட்டரே போதும்’ என்று ஒருவர் சொல்லும் வரை ஏற்றி இறக்கலாம். மொத்தம் மாறாது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக் காட்டவும் முடியாது.

பணத்தைப் போலவே, யார் பெயரில் பதிவு என்பதும் முக்கியம். ரயிலில் ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் ஆறு பேர்தான். பத்து பேர் ஒரே ஊரிலிருந்து கிளம்பினாலும் இரண்டு டிக்கெட். ஒன்று உறுதியாகி மற்றது காத்திருப்புப் பட்டியலில் நிற்கலாம். ஹோட்டலை ஒருவரே மொத்தமாகப் பதிவு செய்தால் அறைகள் அடுத்தடுத்துக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கடைசி நிமிடத்தில் தங்கையின் குழந்தைக்கு ஜுரம் வந்து அவர்கள் வராவிட்டால் அறை வாடகை யார் தலையில்? ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவுக் கட்டணத்தில் அண்ணன் பதிவு செய்திருந்தால், ஜுரத்தை விசாரிக்கவே அவருக்குத் தயக்கமாக இருக்கும். கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள அறைகளுக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாவது பணம் திரும்பும் கட்டணத்தில் பதிவு செய்வது நல்லது. அந்தக் கூடுதல் தொகை யாருடையது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய இன்னொரு சங்கடம் மாப்பிள்ளை. தங்கை கணவரிடம் போய் ரூம் காசு வாங்குவதா என்று அண்ணனும் தம்பியும் கூசுவார்கள். அவரோ, மச்சான்கள் தன்னைப் பிரித்து வைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். அல்லது பேசாமல் இருந்துவிடலாம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று 2005ல் நாடு முழுவதும் சட்டம் வந்துவிட்டது. வரவில் பங்கு உள்ளவளுக்குச் செலவிலும் பங்கு இருப்பதில் அவமானம் எதுவுமில்லை. பல வீடுகளில் தங்கையும் சம்பாதிக்கிறாள். அவளிடம் நேராகப் பேசினால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

கடைசியாக அம்மா. மூன்று கணக்கிலும் அவள் ஒரு செலவாகவே வருகிறாள். ஆனால் பார்க்கில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ரோலர் கோஸ்டரில் ஏற உயரம் போதாத 4 வயதுக் குழந்தையையும், ஏழு பைகளையும், பத்து ஜோடிச் செருப்புகளையும் வைத்துக்கொண்டு நிழல் தேடி உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஆறு பெரியவர்களும் சேர்ந்து ராட்டினம் ஏற முடிவது அவள் அங்கே இருப்பதால். இந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் வரவு வைப்பதில்லை. அவளுடைய டிக்கெட்டையும் கட்டிலையும் மூவரும் சமமாக ஏற்பதைத் தர்மம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கிய உதவிக்குக் கொடுக்கும் கூலி என்றே வைத்துக்கொள்ளலாம். குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் சிலர், “என் பங்கை நானே குடுத்துடறேன்” என்று முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். அப்போது வேண்டாம் என்று தடுக்காமல், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை அவளிடம் விட்டுவிடுவது மரியாதை. பில்லை வாங்கிப் பார்த்து, எண்ணிப் பணம் வைக்கும் அந்த ஐந்து நிமிடம் அவள் மறுபடியும் குடும்பத் தலைவி.

அதிகம் சம்பாதிக்கும் அண்ணன் அதிகம் தர விரும்பினால் தாராளமாகத் தரலாம். அதைப் பங்குக்குள் ஒளித்து வைக்காமல், ‘வேன் செலவு என்னுடையது’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கு தனி, அன்பளிப்பு தனி. இரண்டும் கலந்தால் கொடுத்தவருக்கு நன்றி வராது. வாங்கியவருக்கு நிம்மதி வராது.

‘பங்காளி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு நிறம் உண்டு: பங்கு உள்ளவன், பகைத்துக்கொள்ளக் கூடியவன். சுற்றுலா முடிந்து திரும்பும்போது எந்த நிறம் தங்கும் என்பது ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முந்தைய வாரமே முடிவாகிவிடுகிறது. அதற்குத் தேவை ஒரு தாள், ஒரு பேனா, கூசாமல் பேச அரை மணி நேரம்.