மாஸ்கரேட் போட்டா வேலை முடிஞ்சுதா?

ரெண்டு லோக்கல் நெட்வொர்க்கை நடுவுல ஒரு லினக்ஸ் பொட்டி வச்சு இணைக்கிறது இப்ப நம்ம ஊர்ப்பக்கம் சர்வசாதாரணம். திண்டுக்கல்லேர்ந்து வேடசந்தூர் ரோட்டுல போனீங்கன்னா வரிசையா நூல் மில்லுதான். ஆபீஸ் ஒரு கட்டடம், ஷெட் இன்னொரு கட்டடம், ரெண்டுக்கும் தனித்தனி நெட்வொர்க். இணைச்சு விடுற ஆளு ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் பண்ணுவாரு, பிங் போட்டுப் பாப்பாரு, போகாது. உடனே கூகுள்ல கிடைக்கிற ஒரு வரியை, அதாங்க மாஸ்கரேட், காப்பி பண்ணி ஒட்டுவாரு. போகும். காசை வாங்கிட்டுக் கெளம்பிடுவாரு.

இந்தப் பழக்கம் எனக்கு சுத்தமாப் பிடிக்கலை. ஏன்னு சொல்றேன். பொட்டி தட்டாத மக்களும் படிக்கலாம், டெக்னிக்கல் சமாச்சாரம் அதிகம் இருக்காது. (இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.)

ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1.0, ஷெட் 192.168.2.0, ரெண்டுமே 24 பிட் மாஸ்க்னு வச்சுக்குவோம். நடுவுல இருக்கிற பொட்டிக்கு ரெண்டு கால்: ஆபீஸ் பக்கம் 1.250, ஷெட் பக்கம் 2.1. ஆபீஸ்ல பிராட்பேண்ட் ரவுட்டர் 1.1, வருகைப் பதிவு சர்வர் 1.10. ஷெட்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் கேட்வே 2.1.

இப்ப ஷெட்ல இருந்து 2.20 சர்வரைக் கூப்பிடுது. பாக்கெட் பொட்டிக்கு வருது, பொட்டி அதை ஆபீஸ் பக்கம் தள்ளுது, சர்வருக்கும் போய்ச் சேருது. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. சர்வர் பதில் சொல்லணும். 2.20 தன்னோட தெருவுல இல்லைன்னு அதுக்குத் தெரியும். தெருவுல இல்லாத எல்லாத்தையும் கேட்வே கிட்டக் கொடுக்கணும்னுதான் அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. அதோட கேட்வே யாரு? பிராட்பேண்ட் ரவுட்டர். அந்த ரவுட்டருக்கு ஷெட்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, அதனால இன்டர்நெட் பக்கம் வீசிடும். 192.168ல ஆரம்பிக்கிற முகவரியை வெளியில எவனும் மதிக்கமாட்டான். கதை முடிஞ்சுது.

பாக்கெட் போகாம இல்லை, போயிருக்கு. திரும்பி வரத்தான் வழியில்லை. பொட்டியோட ரெண்டு கால்லயும் டிசிபிடம்ப் ஓட்டிப் பாத்தா அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சுடும்: ஷெட் கால்ல உள்ள வருது, ஆபீஸ் கால்ல வெளிய போகுது, பதில் மட்டும் வரவே இல்லை. ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

மாஸ்கரேட் என்ன பண்ணுது? திண்டுக்கல் ஜங்ஷனை நெனச்சுக்கங்க. பழனி பக்கம் இருந்து வந்து இறங்குறவங்க மதுரை வண்டியில மாறி ஏறுறாங்க. டிக்கெட்ல அவங்க பேர் அப்படியே இருக்கும். அதுதான் ரவுட்டிங். மாஸ்கரேட்ங்கிறது, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லார் டிக்கெட்டையும் வாங்கி வச்சுக்கிட்டு எல்லாரையும் தன் பேர்லயே வண்டி ஏத்தி விடுற மாதிரி. மதுரையில கேட்டா அத்தனை பேரும் திண்டுக்கல் ஸ்டேஷன் மாஸ்டர்தான்! சர்வரைப் பொறுத்தவரை ஷெட்ல இருந்து வர்றது எல்லாமே 1.250. அது பக்கத்து வீடுதானே, பதிலை நேராவே கொடுத்துடுது. அதனாலதான் உடனே வேலை செய்யுது.

"மாப்ள, ஓடுதுல்ல, விடுடா"ன்னு நம்ம தோஸ்து ஒருத்தன் சொல்லுவான். ஓடுதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு மில்லுல (பேர் வேணாம்) ஒரு வருஷத்துக்கு மேல நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு மாசம், நைட் ஷிஃப்ட் பொண்ணுங்க சிலரோட ஓவர்டைம் மணிக்கணக்கு குறைஞ்சிருந்துச்சு. யாரோ உள்ள போய்த் திருத்தியிருக்காங்க. ஷெட்ல நாலு கம்ப்யூட்டர், நாலு சூப்பர்வைசர், நாலு பேருக்கும் ஒரே லாகின். (நம்ம ஊரு வழக்கம், சொல்ல வேணுமா?) சரி, எந்தக் கம்ப்யூட்டர்னாவது பாக்கலாமேன்னு லாகைத் திறந்தா, ஒவ்வொரு வரியிலயும் 1.250. திருத்தினதும் 1.250, சும்மா பாத்ததும் 1.250. பொட்டியில தனியா எதுவும் பதிஞ்சு வைக்கலை.

முடிவு? நைட் டியூட்டியில இருந்த சூப்பர்வைசர் மேல பழி. அவர் "நான் இல்ல சார்"னு சொன்னாரு. இல்லைன்னும் நிரூபிக்க முடியலை, ஆமான்னும் நிரூபிக்க முடியலை. அந்த மாசக் கடைசியில வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு. அவர்தான் பண்ணாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இனிமே தெரியப்போறதும் இல்லை.

எனக்குக் கடுப்பு என்னன்னா, நேட் எதுக்கு வந்துச்சோ அந்தக் காரணமே இங்க இல்லை. 1994ல ஆர்எஃப்சி 1631 வந்தப்ப, உலகத்துல ஐபி முகவரி தீரப்போகுது, தற்காலிகமா இதை வச்சுச் சமாளிப்போம்னுதான் எழுதினாங்க. 1996ல வந்த ஆர்எஃப்சி 1918 உள் உபயோகத்துக்குன்னே மூணு வரிசையை ஒதுக்கிக் கொடுத்துச்சு. மூணையும் கூட்டினா 1 கோடியே 78 லட்சத்துக்கு மேல முகவரி. ஒரு மில்லுக்கு இது பத்தாதா? இன்டர்நெட்டுக்குப் போற வாசல்ல நேட் போடுங்க, அங்க வேற வழியில்லை. வீட்டுக்குள்ள ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல எதுக்குய்யா முகமூடி?

சரியான வைத்தியம் ஒரே வரிதான். "192.168.2.0க்குப் போகணும்னா 1.250 கிட்டக் கொடு"ன்னு பிராட்பேண்ட் ரவுட்டர்ல ஒரு ஸ்டாட்டிக் ரூட். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. சர்வருக்கு வர்ற பாக்கெட் பொட்டியிலேர்ந்து நேரா வருது, பதில் மட்டும் ரவுட்டரைச் சுத்திக்கிட்டுப் போகுது. சில ரவுட்டர்கள் பேச்சோட முதல் பாதியைப் பாக்காததால, ‘இது எங்கேர்ந்து வந்த பதில்?’னு தூக்கிப் போட்டுடும். அப்படி நடந்தா ரூட்டை சர்வர்லயே நேரா எழுதிடுங்க. வின்டோஸா இருந்தா ரூட் ஆட் கட்டளையோட மைனஸ் பி சேக்க மறந்துடாதீங்க, இல்லைன்னா கரண்டு போய் வந்தா ரூட்டும் போயிடும். நம்ம ஊர்ல கரண்டு போறதுக்கா பஞ்சம்?

மாஸ்கரேட்டே தப்புன்னு சொல்ல வரலை. கேட்வே போடவே இடமில்லாத கருவிங்க சிலது இருக்கு. பாஸ்வேர்டை வெண்டர் தரமாட்டேங்கிற கருவிங்களும் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே 192.168.1.0 ஆகி, நம்பரை மாத்த ஓனர் ஒத்துக்காத இடமும் உண்டு. அங்கெல்லாம் போட்டுத்தான் ஆகணும். போட்டா, எந்த முகவரிக்கு மட்டும்னு குறுக்கிப் போடுங்க, பொட்டியில லாகை ஆன் பண்ணுங்க, ‘இங்க முகமூடி இருக்கு’ன்னு ஒரு பேப்பர்ல எழுதி ரேக்ல ஒட்டிட்டு வாங்க. அடுத்து வர்றவன் வாழ்த்துவான்.

டிஸ்கி: ரூட் எல்லாம் சரியா இருந்தும் பிங் மட்டும் போகலைன்னா வின்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்க. பிரைவேட் நெட்வொர்க்ல ஃபைல் ஷேரிங்கோட சேந்து வர்ற பிங் அனுமதி, சும்மா விட்டா சொந்த சப்நெட்டுக்கு மட்டும்தான். பக்கத்து சப்நெட் அதுக்கு அந்நியன். இது தெரியாம கேபிளை மாத்திக்கிட்டிருந்த ஒருத்தரைப் பத்தி இன்னொரு பதிவே போடலாம் :-)