பெயர் தெரியாத காமிரா

நம் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பரண் மேல் உள்ள டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய மடக்குக் காமிரா இருக்கும். உத்தியோகத்துக்காக வடக்கே வந்த தாத்தாவோ பெரியப்பாவோ ஆசையாக வாங்கியது. மூடியைத் திறந்தால் கறுப்புத் துருத்தி நீளும். பேரப்பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தக் கம்பெனி தாத்தா?" என்பதுதான். நாமும் லென்ஸைச் சுற்றியுள்ள எழுத்தைப் படித்து, ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயர் பல சமயம் தவறு. தவறான பெயரைச் சொல்வதைவிடத் "தெரியவில்லை" என்று சொல்வதே மேல் என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். அந்த நாளில் ஜெர்மனியில் பல காமிராக்களின் உடலைச் செய்தவர் ஒருவர், லென்ஸைச் செய்தவர் இன்னொருவர், ஷட்டரைச் செய்தவர் மூன்றாமவர். 'காம்பூர்' என்று இருந்தால் அது மியூனிக் நகரத்து டெக்கல் கம்பெனியின் ஷட்டர். 'ப்ரோன்டார்' என்று இருந்தால், அல்லது ஏ.ஜி.சி. என்ற மூன்றெழுத்து இருந்தால், அது கால்ம்பாக் என்ற ஊரின் கௌத்தியர் கம்பெனியின் ஷட்டர். 'டெஸ்ஸார்' என்பது 1902-இல் ஜெய்ஸ் கம்பெனி கொண்டுவந்த லென்ஸ். அதைப் பல காமிராக்காரர்கள் வாங்கிப் பொருத்தினார்கள். இவற்றைப் பார்த்துக் காமிராவுக்கே பெயர் வைப்பது, டயரில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டுக் காரையே அந்தக் கம்பெனிதான் செய்தது என்பது போல.

இன்னொரு வேடிக்கை, டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகள். இவற்றையும் கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர் உண்டு. முன்னது ஜெர்மன் அரசின் காப்புரிமையைக் குறிப்பது. பின்னது சிறு கண்டுபிடிப்புகளுக்கான பதிவைக் குறிப்பது. செய்தவர் யார் என்று இவை சொல்லமாட்டா. ஆனால் காலத்தைச் சொல்லும். போருக்குப் பின் 1949-இல் மேற்கு ஜெர்மனி உருவானது. அதன் பிறகு வந்தவற்றில் ஆர் எழுத்து இருந்த இடத்தில் பி வந்துவிட்டது.

பெயரே இல்லாமல் ஏன் விற்றார்கள்? பெரிய கடைக்காரர்கள் தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரிலோ, பெயரில்லாமலோ விற்பது அன்று வழக்கம். நியூரம்பர்க் நகரின் ஃபோட்டோ போர்ஸ்ட் கடை 'ஹாப்போ' என்று விற்ற காமிராக்களில் சில, பால்டா கம்பெனி செய்தவை.

ஆகவே செய்தவரைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸை அல்ல, உடலை. மூடியைத் தாங்கும் கம்பிகளின் அமைப்பு, தாழ்ப்பாளின் வடிவம், பின்புறச் சிவப்புக் கண்ணாடி இருக்கும் இடம், ஒரு சுருளில் எட்டுப் படமா பன்னிரண்டா பதினாறா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். மேல்தோலையும் விடக்கூடாது. 1926-இல் நான்கு கம்பெனிகள் சேர்ந்து உருவான ஜெய்ஸ் ஐகான், தன் மாதிரி எண்ணைத் தோலில் அழுத்திப் பதிப்பதுண்டு.

இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தாவின் காமிராவை "ஜெய்ஸ், ஜெய்ஸ்" என்று இருபது வருஷம் பெருமை பேசினேன். பிறகு அதைப் புதுசாக்க ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன். கிழிந்த தோலை உரித்தெறிந்து, புதுத் தோல் ஒட்டிப் பளபளவென்று தந்தார்கள். சந்தோஷமாகப் பணம் கொடுத்து வாங்கி வந்தேன். தோலில் எண் பதிந்திருக்கும் என்ற விஷயம் பிற்பாடுதான் தெரிந்தது. பழைய தோலில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஷட்டரில் டி.ஆர்.ஜி.எம். இருப்பதால் போருக்கு முந்தியது என்று மட்டும் ஊகிக்கலாம். இன்று அந்தக் காமிராவோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: "ஜெர்மன் காமிரா. அநேகமாக 1945-க்கு முந்தியது. செய்தவர் தெரியவில்லை." பெருமை குறைந்துவிட்டது என்று என் தம்பிக்கு வருத்தம். எனக்கு இல்லை.

அன்பர்களே, துடைக்கும் முன், ஒட்டும் முன், விற்கும் முன், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். உள்ளே ஒட்டிய காகிதம், பென்சில் எழுத்து எதையும் அழிக்காதீர்கள். செய்தவர் யார் என்பது ஒருவேளை கடைசி வரை தெரியாமலே போகலாம். ஆனால் வாங்கியவர் யார், எந்த ஊரில், எந்த வருஷம், முதல் படத்தில் நின்றவர்கள் யார் யார் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் என் அத்தை ஒருவர்தான் இருந்தார். நான் கேட்கப் போவதற்குள் அவரும் போய்விட்டார்.