பால்வெட்டு நின்ற ரப்பர் நிலத்தில் டிங்கிக் கொசு: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், குடியிருப்பாளர் சங்கம், தைப்பிங், பேராக்.

பெறுநர்: பொறுப்பதிகாரி, நோய் பரப்பும் பூச்சிகள் கட்டுப்பாட்டுப் பிரிவு.

பொருள்: 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தை (சட்டம் 154) நில உரிமையாளர் மீதும் செயல்படுத்தக் கோருதல்.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அனுப்பிய கடிதங்கள். எழுத்துபூர்வமான பதில் எதற்கும் வரவில்லை.

ஐயா,

தோட்டம் துண்டாடப்பட்ட பின்னும் இவ்விடத்திலேயே தங்கிவிட்ட தொழிலாளர் குடும்பங்களின் சங்கம் இது.

கோரிக்கை 1: ரப்பர் நிலத்து மங்குகளை (பால் பிடிக்கும் கிண்ணங்களை) அகற்ற உரிமையாளருக்கு உத்தரவிட வேண்டும்.

எங்கள் முதல் கடிதத்தில் எழுதியதைத் திரும்ப எழுதுகிறோம். வீடுகளின் பின்வேலியை ஒட்டிப் பால்வெட்டு நின்றுபோன ரப்பர் நிலம் இருக்கிறது. மரங்களில் மங்குகள் இன்னும் தொங்குகின்றன. தீபகற்பத்தில் அதிக மழை பெறும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று என்பதால் அவற்றில் தண்ணீர் வற்றுவதே அரிது. டிங்கியைப் பரப்பும் இரண்டு கொசுக்களில் ஒன்றான ஏடிஸ் அல்போபிக்டஸ், தோட்டப் புறங்களில் முட்டையிட விரும்புவது இத்தகைய சிறு பாத்திரங்களில்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மங்கு காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

இரண்டாம் கடிதத்தில் புகையடிப்பு பற்றி எழுதினோம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். மங்கில் கிடக்கும் முட்டையையும் புழுவையும் அது தொடாது. புகைவண்டி எங்கள் தெருவோடு திரும்பிவிடுகிறது. வேலிக்கு அப்பால் அடுத்த தலைமுறைக் கொசு தயாராகிறது.

அதன்பின் எழுதியது சட்டம் பற்றி. சட்டம் 154 வீட்டுக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கொசு வளர இடம் தருபவர் நிலத்தின் உரிமையாளரானாலும் குடியிருப்பவரானாலும் பொறுப்பு அவருடையதே. முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. பூச்சட்டித் தட்டில் புழு கண்டதற்காக எங்கள் உறுப்பினர்களுக்கு 500 ரிங்கிட் அபராதச் சீட்டு வந்தது. குற்றம் குற்றமே, கட்டினார்கள். அதே சட்டம் வேலியைத் தாண்டாதது ஏன்?

“நீங்களே போய்க் கவிழ்த்துவிடலாமே” என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பிறர் நிலத்தில் நுழைந்தால் அத்துமீறல் புகார் எங்கள் மீது வரும். ஒருமுறை கவிழ்த்த மங்கும் கம்பியில் மீண்டும் நிமிரும். மங்குகளைக் கழற்றி அகற்றுவதே தீர்வு. அதற்கு ஆணையிடும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

இது புதுமையான கோரிக்கையும் அன்று. 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவை அடக்கினார். நோயாளிக்கு மருந்து தந்ததோடு நில்லாமல், கொசு பிறக்கும் நிலத்தையே திருத்தியதுதான் அவர் காட்டிய வழி. 2019இல் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தனர். அந்த வழி இன்றைக்கும் தேவைப்படுகிறது.

ஆகவே கோருவது: (அ) நிலம் கூட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும், எங்கள் பிரதிநிதி உடன் வர அனுமதி வேண்டும். (ஆ) மங்குகளை அகற்றக் கெடு குறித்து உரிமையாளருக்கு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். (இ) கெடு தவறினால் அவர்மீது சட்டம் 154இன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

கோரிக்கை 2: பின்தெருச் சாக்கடையில் அடைப்பு நீக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 3: குப்பைத் தொட்டிகளுக்கு மூடி வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 4: புகையடிக்கும் நேரம் முந்தைய நாளே அறிவிக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 5: டிங்கி விளக்கத் தாள்கள் தமிழிலும் தரப்பட வேண்டும்.

கோரிக்கைகள் 2 முதல் 5 வரை தாமதமானால் பொறுத்துக்கொள்வோம். முதலாவதற்கு மட்டும் 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருக. மறுப்பதாயின் சட்டம் 154இன் எந்தப் பிரிவின்படி அந்நிலத்துக்கு விலக்கு என்பதையும் குறிப்பிடுக.

இப்படிக்கு,
செயலாளர்
(செயற்குழுவின் ஒப்புதலுடன்)